சிறு சொல்லின் வலிமை

1971ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், திருநெல்வேலிச் சீமையிலுள்ள நம் ஊருக்குத் தந்திச் சேவகர் சைக்கிளில் வந்து இறங்கினார். பம்பாயிலுள்ள கம்பெனி ஒன்றில் வேலைக்கு நாம் மனுப் போட்டிருந்தோம். நேரில் வந்து காண்பதற்கு நாள் குறித்து முன்னமே ஒரு கடிதமும் வந்திருந்தது. இப்போது வந்த தந்தியிலோ மூன்றே சொற்கள்: ‘இன்டர்வியூ கால்டு ஆஃப்’.

வீட்டார் அனைவரும் நம் முகத்தையே பார்த்திருந்தனர். நாம் பட்டதாரி, மில்டனையும் வேர்ட்ஸ்வொர்த்தையும் படித்துத் தேறியவர். ‘கால்’ என்றால் அழைத்தல். ‘கால்டு’ என்றால் அழைக்கப்பட்டது. ஆகவே அழைப்பு உறுதியாகிவிட்டது என்று பொருள் சொன்னோம். கடைசியில் நின்ற ‘ஆஃப்’ என்னும் சிறு சொல்லை நாம் பொருட்படுத்தவில்லை. தந்தி பாஷையில் அது ஏதோ ஒரு சுருக்கமாக இருக்கும் என்று எண்ணினோம். அன்று மாலையே அன்னையாரின் தோடு அடகுக் கடைக்குச் சென்றது. மறுநாள் இரயில் ஏறினோம்.

பம்பாயில் அந்தக் கம்பெனியின் வாயிலில் நின்று தந்தியை நீட்டியபோது, உள்ளிருந்து வந்த குமாஸ்தா நம்மை ஏற இறங்கப் பார்த்தார். “வரவேண்டாம் என்றல்லவா தந்தி அடித்தோம்?” என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ‘கால் ஆஃப்’ என்றால், நடக்கவிருந்த ஒன்றை நடவாமல் நிறுத்திவிடுவது. மூன்று சொல்லில் இரண்டைப் படித்து ஒன்றை விட்டதற்கு நாம் கொடுத்த விலை ஒரு ஜோடித் தோடு.

இந்தப் பழங்கதையை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர் இல்லங்களில் ஆங்கிலத்துக்குக் குறைவில்லை. ஆயினும் பெரிய சொற்களில் தடுமாறாதவர்கள் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘ஆன்’ என்னும் சிறு சொற்களில் இன்றும் இடறி விழுகிறார்கள். இஃது ஏன் நேர்கிறது, இதைக் கடக்க நம்மிடமே உள்ள வழி யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

அரண்மனைச் சொல்லும் அடுக்களைச் சொல்லும்

ஆங்கிலத்தில் ஒரே கருத்துக்குப் பெரும்பாலும் இரண்டு சொற்கள் இருப்பதைக் காணலாம். ஒத்திவைப்பதற்குப் ‘போஸ்ட்போன்’ என்றும் சொல்லலாம், ‘புட் ஆஃப்’ என்றும் சொல்லலாம். விளக்கை அணைப்பதற்கு ‘எக்ஸ்டிங்விஷ்’ என்பது ஒன்று, ‘புட் அவுட்’ என்பது மற்றொன்று. பொறுத்துக்கொள்வதற்கு ‘டாலரேட்’ உண்டு, ‘புட் அப் வித்’தும் உண்டு. விசாரிப்பதற்கு ‘இன்வெஸ்டிகேட்’ உண்டு, ‘லுக் இன்டு’வும் உண்டு.

1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. கல்வியிலும் சமயத்திலும் இலத்தீன் முன்னமே வேரூன்றியிருந்தது. இவ்விரு மொழிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்துள் புகுந்தன. அவை அரண்மனைச் சொற்கள். குடியானவனின் அடுக்களையிலும் வயலிலும் வழங்கியவையோ ‘புட்’, ‘கெட்’, ‘டேக்’, ‘கிவ்’, ‘லுக்’ முதலான குறுஞ்சொற்கள். இவற்றுள்ளும் சில, வடக்கே குடியேறிய ஸ்காண்டிநேவியரிடமிருந்து வந்தவை. இக்குறுஞ்சொற்களோடு ‘அப்’, ‘அவுட்’ போன்ற ஒட்டுக்களைச் சேர்த்துப் புதிய பொருள்களைப் படைத்துக்கொண்டான் ஆங்கிலேயன்.

நாம் ஆங்கிலத்தைக் கற்ற இடம் எது? பள்ளிக்கூடம், பாடப் புத்தகம், பின்னர் ஆபீஸ் கடிதம். இவை யாவும் அரண்மனைச் சொற்களின் உறைவிடங்கள். ஆகவேதான் ‘போஸ்ட்போன்’ நமக்கு எளிதாகவும் ‘புட் ஆஃப்’ அரிதாகவும் தோன்றுகின்றன. ஆங்கிலக் குழந்தைக்கோ நிலைமை நேர்மாறு. அடுக்களைச் சொல்லைத் தாயிடம் கற்று, அரண்மனைச் சொல்லைப் பிறகு பள்ளியில் கற்கிறது.

இந்த இடர்ப்பாட்டை முதலில் உணர்ந்தவர்கள் நாமல்லர். 1755ஆம் ஆண்டில் தம் பேரகராதியை வெளியிட்ட டாக்டர் சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இதைக் குறித்துள்ளார். வினைக்குப் பின் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் வழக்கம் ஆங்கிலத்தில் மிகுதி என்றும், அயலார்க்குப் பெருந்தொல்லை தருவது இதுவே என்றும் கூறி, இத்தகைய தொடர்களைக் கவனத்துடன் சேர்த்திருப்பதாகவும் எழுதினார். இவற்றுக்கு இன்று வழங்கும் ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்ற பெயர் லோகன் பியர்சால் ஸ்மித் என்பார் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் பரவியது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி கூறிய பெயர் அது என்று அவரே குறிப்பிட்டார்.

1930ஆம் ஆண்டில் சி. கே. ஆக்டன் என்னும் அறிஞர், உலகத்தார் எளிதில் கற்பதற்கென்று 850 சொற்களே கொண்ட ஓர் ஆங்கிலத்தை வகுத்தார். அதில் வினைச்சொற்கள் பதினெட்டே. மற்ற வினைகளின் வேலையை எல்லாம் அப்பதினெட்டும் சிறு சொற்களோடு கூடிச் செய்யவேண்டும். பட்டியலைப் பார்த்தால் எளிமைதான். ஆனால் ‘புட்’ ஒன்றைக் கற்றவன், ‘புட் ஆஃப்’, ‘புட் அவுட்’, ‘புட் அப் வித்’ என்னும் ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்றாகவேண்டும். கதவு ஒன்றுதான், உள்ளே அறைகள் பல.

வாலன்று, உயிர்

நம்மவர் செய்யும் முதற்பிழை, பின்னால் வரும் சிறு சொல்லை வினையின் வாலாக எண்ணிவிடுவது. உண்மையில் பொருளின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘கிவ் இன்’ என்றால் பணிந்துபோ. ‘கிவ் அவே’ என்றால் பிறருக்குத் தந்துவிடு. காட்டிக்கொடு என்றும் பொருள்.

வடமொழியிலும் இத்தகைய வித்தை உண்டு. ஆனால் அங்கே ஒட்டு முன்னால் வரும். கொண்டு செல்லுதல், எடுத்தல் என்னும் பொருளுடைய ஒரே வேரிலிருந்து ஆகாரமும் வந்தது, பரிகாரமும் வந்தது, திருச்செந்தூரில் ஆண்டுதோறும் காணும் சம்ஹாரமும் வந்தது. ஆகாரத்துக்கும் சம்ஹாரத்துக்கும் எத்தனை தூரம்! அத்தூரத்தை உண்டாக்கியது முன்னின்ற சிறு ஒட்டு அல்லவா? ஆங்கிலம் அதே வேலையைப் பெரும்பாலும் பின்னொட்டி நடத்துகிறது.

இச்சிறு சொற்கள் மனம்போன போக்கில் சேர்வன அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிப்படைச் சித்திரம் உண்டு. ‘ஆஃப்’ பெரும்பாலும் பிரிவைக் காட்டும். விமானம் தரையைவிட்டுப் பிரிவது ‘டேக் ஆஃப்’. குறித்த நாளிலிருந்து காரியத்தை அகற்றி வைப்பது ‘புட் ஆஃப்’. வேட்டை நாயைப் பின்வாங்கும்படி அழைத்துக்கொள்வதும் ‘கால் ஆஃப்’தான், அந்தச் சித்திரத்தை அன்று அறிந்திருந்தால் நம் தந்தி விளங்கியிருக்கும். ‘ஆன்’ தொடர்ச்சியைக் காட்டும்: ‘கேரி ஆன்’, ‘கீப் ஆன்’. ‘அப்’ மேலே என்னும் பொருளோடு நில்லாமல், முற்றும் முடிதலையும் காட்டும்: ‘ஈட் அப்’ என்றால் மிச்சமின்றி உண், ‘யூஸ் அப்’ என்றால் தீரும்வரை பயன்படுத்து. ‘ஓவர்’ திரும்பத் திரும்ப எண்ணுதலைக் காட்டும்: ‘திங்க் ஓவர்’ என்றால் யோசித்துப் பார்.

நம் வீட்டிலும் உண்டு

‘யோசித்துப் பார்’ என்று எழுதினோம். இங்கே கண்ணால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ‘எழுதித் தள்ளினார்’ என்கிறோம்; எதை யார் தள்ளினார்? ‘கண்டுபிடித்தார்’ என்கிறோம், பிடிபட்டது எது? தமிழனுக்கு இவ்வினாக்கள் எழுவதே இல்லை. தாய்ப்பாலோடு வந்த வழக்கு அது.

தமிழ் இடைச்சொல்லுக்கு உயர்ந்த இடம் அளித்த மொழி. தனித்து நடவாமல் பெயரையும் வினையையும் சார்ந்தே நடக்கும் அச்சொற்களுக்குத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இடையியல் என ஓர் இயலையே வகுத்தார். ஆயினும் ஆங்கிலத்தின் ‘அப்’, ‘ஆஃப்’ செய்யும் வேலையைத் தமிழில் பெரும்பாலும் செய்வது இடைச்சொல் அன்று. ஒரு வினையின் பின் மற்றொரு வினையாக வந்து நிற்கும் துணைவினை. ‘சாப்பிடு’ என்பதற்கும் ‘சாப்பிட்டுவிடு’ என்பதற்கும் உள்ள வேற்றுமையே ‘ஈட்’டுக்கும் ‘ஈட் அப்’புக்கும் உள்ளது. ‘படி’ என்பதற்கும் ‘படித்துக்கொண்டே இரு’ என்பதற்கும் உள்ள வேற்றுமையே ‘ரீட்’டுக்கும் ‘ரீட் ஆன்’னுக்கும் உள்ளது.

சில இடங்களில் இரு மொழிகளும் ஒரே மூலச்சொல்லை எடுத்து ஒரே பொருளுக்குச் செல்வது வியப்பூட்டுகிறது. ‘லுக்’ என்றால் பார். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள். ‘புட்’ என்றால் போடு. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. ‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் அவே’ என்றால் காட்டிக்கொடு. இவற்றை ஒருமுறை அருகருகே வைத்துப் பார்த்தவர் பின்னர் மறக்கமாட்டார்.

அயலாருக்குத் தமிழ் தரும் தொல்லையும் இவ்வகையினதே. நம் பக்கத்து வீட்டில் குடியிருந்த மராத்தியப் பெண்மணி ஒருவர் ஆர்வத்தோடு தமிழ் கற்றுவந்தார். ஒரு நாள் நம் இல்லாளிடம் வந்து, “அக்கா, உங்கள் மகன் கடைக்காரரிடம் என்னைக் காட்டிக் கொடுத்தான், மிக நல்ல பிள்ளை!” என்றார். அறிமுகம் செய்து வைத்தான் என்பதே அவர் கருத்து. காட்டு என்பதையும் அறிவார், கொடு என்பதையும் அறிவார். இரண்டும் கூடினால் துரோகமாகும் என்பதை அவர் எவ்வாறு அறிவார்? நாம் சிரித்தோம். சிரித்து முடித்தபின், பம்பாய்க் கம்பெனியின் வாயிலில் நின்ற நம் கோலம் நினைவுக்கு வந்தது.

வடக்கே வாழும் அன்பர்களுக்கு இன்னும் ஓர் உதவி கையருகே உள்ளது. இந்தியிலும் இம்முறை உண்டு. ‘கர் லோ’ என்றால் செய்துகொள். ‘கர் தோ’ என்றால் செய்துகொடு. ‘லேனா’ கொள்ளுதல், ‘தேனா’ கொடுத்தல். ‘மார் டாலா’ என்பது சொல்லுக்குச் சொல் நம் ‘கொன்று போட்டான்’ என்பதே. குடும்பம் வேறான மொழிகள் இந்நாட்டில் நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்து ஒத்த இயல்புகளைப் பெற்றுள்ளன என்பதை எமனோ என்னும் அறிஞர் 1956ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். ஆகவே தமிழும் இந்தியும் பேசும் நம் இல்லத்தார்க்கு இச்சூட்சுமம் இருமுறை பழகியது; ஆங்கிலத்தில் மூன்றாம் முறை காண்கிறோம், அவ்வளவே.

பிழைப்பைத் தொடும் சொற்கள்

இவை வெறும் இலக்கண விளையாட்டு என்று யாரும் எண்ணவேண்டாம். ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரியும் நம்மவர் ‘லே ஆஃப்’ என்ற சொல்லை அறிவர். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953ஆம் ஆண்டுத் திருத்தம் புகுத்திய சொல் அது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் இவற்றின் தட்டுப்பாட்டாலோ, இயந்திரம் பழுதுற்றதாலோ, இவை போன்ற பிற காரணங்களாலோ முதலாளி வேலை கொடுக்க இயலாத நிலையையே அச்சட்டம் ‘லே ஆஃப்’ என்றது. தொழிலாளியின் பெயர் பதிவேட்டிலேயே இருக்கும்; வேலை போய்விடுவதில்லை. தகுதியுள்ளோர்க்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி இழப்பீடாகும். ஆட்குறைப்பு என்பதற்குச் சட்டம் வேறு சொல்லையே வைத்திருந்தது.

ஆனால் அமெரிக்க வழக்கில் ‘லே ஆஃப்’ என்றால் பெரும்பாலும் வேலையிலிருந்து நீக்கிவிடுவதுதான். கணினி நிறுவனங்களில் இன்று அச்சொல் அப்பொருளிலேயே உலவுகிறது. தந்தை ஆலையில் ‘லே ஆஃப்’ என்று கேட்டபோது, எப்போது திரும்ப அழைப்பார்கள் என்று காத்திருந்தார். மகள் பெங்களூரில் அதே சொல்லைக் கேட்டால் வேறு வேலை தேடத் தொடங்கவேண்டும். சொல் ஒன்றே, இரண்டு தலைமுறைக்கு இரண்டு விதி. கடிதத்தில் இச்சொல் வந்தால், எப்பொருளில் எழுதினார்கள் என்று எழுத்து மூலம் கேட்டுத் தெளிவது நலம்.

தொலைபேசியிலும் எச்சரிக்கை வேண்டும். ‘பாஸ் அவே’ என்றால் காலமாதல். ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுதல். நம் நாட்டிலோ படிப்பை முடித்துக் கல்லூரியைவிட்டு வெளிவருவதும் ‘பாஸ் அவுட்’தான். வெளிநாட்டு நண்பரிடம், “என் தம்பி சென்ற மாதம் பாஸ் அவுட் ஆனான்” என்றால் அவர் மருத்துவரைப் பற்றி விசாரிப்பார்!

கைக்கொள்ளத்தக்க சில வழிகள்

முதலாவது, இத்தொடர்களை ஒரே சொல்லாகவே குறிப்பேட்டில் எழுதுக. ‘லுக்’ என்று ஒரு வரியும் ‘ஆஃப்டர்’ என்று மற்றொரு வரியும் எழுதிப் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு முழு வாக்கியமும், அதற்கு நேரான தமிழ் வழக்கும் இருக்கட்டும்.

இரண்டாவது, பிரியும் தொடர் எது, பிரியாத தொடர் எது என அறிக. விளக்கை அணைக்க ‘டர்ன் ஆஃப் தி லைட்’ எனலாம். ‘டர்ன் தி லைட் ஆஃப்’ எனவும் ஆம். ஆனால் ‘இட்’ என்னும் சுட்டு வரும்போது ‘டர்ன் இட் ஆஃப்’ என்று இடையிலேதான் வரவேண்டும். ‘லுக் ஆஃப்டர்’ அங்ஙனம் பிரியாது. குழந்தையைக் குறிக்க ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்றே வரும். ‘ரான் அப் எ ஹில்’ என்றால் குன்றின்மேல் ஓடினான். ‘ரான் அப் எ பில்’ என்றால் கடையில் பாக்கி ஏற்றினான். பாக்கியைச் சுட்டி ‘ரான் இட் அப்’ எனலாம்; குன்றைச் சுட்டி அவ்வாறு சொல்லலாகாது.

மூன்றாவது, கடிதத்தின் முடிவில் பலரும் எழுதும் ‘லுக் ஃபார்வர்டு டு’ என்பதன்பின் ‘ஹியர்’ என்று எழுதாமல் ‘ஹியரிங்’ என்றே எழுதுக. அங்குள்ள ‘டு’ வினையைச் சேர்ந்ததன்று. முன்சொன்ன தொடரைச் சேர்ந்தது.

நான்காவது, வேண்டாத இடத்தில் ஒட்டு வைக்காதிருப்பதும் அறிவே. ‘ஒன்றைப் பற்றிக் கலந்து பேசினோம்’ என்னும் தமிழ் வழக்கு நம் நாவில் இருப்பதால் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று சொல்லிவிடுகிறோம். ‘டிஸ்கஸ்’ஸுக்கு ‘அபௌட்’ தேவையில்லை. அவ்வாறே ‘கோப் வித்’ என்பதன் நடுவே ‘அப்’பை நுழைக்கவும் வேண்டாம். படிவத்தை நிரப்புவதற்கு ஆங்கிலேயர் ‘ஃபில் இன்’ என்பர், அமெரிக்கர் ‘ஃபில் அவுட்’ என்பர், நம் நாட்டார் பெரும்பாலும் ‘ஃபில் அப்’ என்பர். இதில் யாரும் யாரையும் நகைக்க வேண்டுவதில்லை.

இராச்சாப்பாட்டு வேளையில்

நம் காலத்தில் ஆங்கிலமே அச்சமாக இருந்தது. இன்று நம் இல்லத்துப் பிள்ளைகள் நிலை வேறு. ‘லாக் இன்’, ‘சைன் அப்’ என்பன அவர்களுக்கு விளையாட்டுச் சொற்கள். பாட்டனார் ஆங்கிலத்தில் தவறினால் பேத்தி உடனே திருத்துகிறாள். ஆனால் அதே பேத்தியிடம் “தம்பிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடு” என்றால், “எதை விடவேண்டும், எதைக் கொடுக்கவேண்டும்?” என்று கேட்கிறாள். அன்று நாம் ‘ஆஃப்’ என்பதைத் தாண்டிச் சென்றதுபோல, இன்று அவள் ‘கொடு’ என்பதில் திகைத்து நிற்கிறாள்.

அவளைக் கடிந்து பயனில்லை. ஆகவே ஒரு பண்டமாற்று ஏற்பாடு செய்துகொண்டோம். இராச்சாப்பாட்டின்போது அவள் ஓர் ஆங்கிலத் தொடர் தருவாள். நாம் அதற்கு நேரான தமிழ்த் தொடர் தருவோம். ‘கிவ் இன்’ என்றாள், ‘விட்டுக்கொடு’ என்றோம். ‘ஃபைன்ட் அவுட்’ என்றாள்; ‘கண்டுபிடி’ என்றோம். ‘புல் த்ரூ’ என்றாள்; நோயாளி ‘பிழைத்துக்கொண்டான்’ என்றோம். ‘சொல்லிக்கொடு’ என்பதற்கு ஈடான ஒட்டுத் தொடரை அவளால் கூற இயலவில்லை. ‘டீச்’ என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டு, “தாத்தா, தமிழில் சொல்வதும் கொடுப்பதும் சேர்ந்தால்தான் கற்பித்தலா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே இத்தனை நாள் விளையாடியது தகும் என்று எண்ணினோம்.

நேயர்களும் தத்தம் இல்லங்களில் இதைச் செய்து பார்க்கலாம். செலவில்லை; புத்தகம் வேண்டாம்; நாளொன்றுக்கு ஒரு தொடர் போதும். பெரியோர் ஆங்கிலத்தில் தேறுவர். பிள்ளைகள் தமிழில் ஊன்றுவர்.

அன்னையாரின் தோட்டை மீட்க நமக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்து, வட்டியும் முதலுமாகக் கட்டி, விடுமுறையில் சென்று அவர் கையில் கொடுத்தோம். “அந்தத் தந்தியில் என்னதான் எழுதியிருந்தது?” என்று அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டார். பொருள் சொன்னோம். “அவ்வளவு சின்னச் சொல்லா?” என்றார்.